பாதை திறந்திருந்தும் சந்தை மூடிய காலம்

விளைந்த இடத்திலிருந்து அடுப்படி வரை ஒரு பொருள் வந்து சேரும் வழி முழுவதையும் விநியோகச் சங்கிலி என்பர். அளவெட்டிச் செம்மண்ணில் விளையும் சின்ன வெங்காயம் மருதனார்மடம், சுன்னாகம் சந்தைகளுக்குப் போய், அங்கே லொறி ஏறித் தெற்கே போகிறது. எதிர்த்திசையில் சீனி, பருப்பு, கோதுமை மா, பசளை, மருந்து வருகின்றன. யாழ்ப்பாணக் குடாநாட்டின் பிரதான தரைவழிகள் இரண்டே: ஆனையிறவைத் தாண்டும் ஏ9 வீதி, 2011இல் திறக்கப்பட்ட சங்குப்பிட்டிப் பாலம்.

கழுத்துப் போன்ற இந்த வழிகள் நெரிபட்டால் என்ன ஆகும் என்பதை யாழ்ப்பாணம் கொரோனாவுக்கு முன்பே அறிந்திருந்தது. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய் அரும்பொருளாகி, வீடுகளில் ஜாம் போத்தல் விளக்கு எரிந்தது. 2006 ஆகஸ்டில் முகமாலையில் ஏ9 மூடப்பட்டபோது கப்பலில் வந்த அரிசியும் மாவும் சங்கக்கடைகளில் குடும்ப அட்டைக்குப் பங்கிடப்பட்டன. அப்போது அடைபட்டது நெடும்பாதை. ஊருக்குள் விளைந்தது ஊர்ச்சந்தையில் கைமாறிக்கொண்டுதான் இருந்தது.

பெருந்தொற்று இதைத் தலைகீழாக்கியது. 2020 மார்ச் 20 மாலை 6 மணிக்கு நாடெங்கும் ஊரடங்கு வந்தது. யாழ்ப்பாணம் அபாய வலய மாவட்டங்களுள் ஒன்றானது. அத்தியாவசியப் பொருள் ஏற்றிய லொறிக்கு அனுமதி கிடைத்தது. ஆனால் தோட்டத்திலிருந்து சந்தைக்குச் சைக்கிளில் போகும் சில கிலோமீற்றர் தூரம் அடைபட்டது. அதே ஆண்டு டிசம்பரில் மருதனார்மடம் சந்தை வியாபாரிகளிடையே தொற்று கண்டறியப்பட்டுச் சந்தை மூடப்பட்டபோது, பக்கத்து ஊர்த் தோட்டக்காரருக்கு விற்க இடமில்லை, வாங்குவோருக்கு மரக்கறி இல்லை. இரு தரப்பும் ஒரே முற்றத்தை நம்பியிருந்ததுதான் பலவீனம்.

எல்லாப் பயிரும் ஒரே மாதிரி அடிபடுவதில்லை. வெங்காயத்தைத் தாளோடு பிடிபிடியாகக் கட்டிக் கொட்டில் வளையில் தொங்கவிட்டால், காற்றோட்டத்தில் காய்ந்து சில மாதம் இருக்கும். விலை வரும்வரை பொறுக்கலாம், அடுத்த போகத்துக்கு விதையும் அதிலேயே எடுக்கலாம். தக்காளிக்கு அந்தப் பொறுமை கிடையாது. பறித்த சில நாளில் விற்காவிட்டால் மாட்டுக்குத்தான். ஆகவே அழுகும் பொருளுக்குத் தேவை சேமிப்பு அன்று, இன்னொரு வாசல். ஊரடங்கில் அந்த வாசலாக இருந்தவர்கள், பிரதேச செயலகத்தின் அனுமதியோடு ஒழுங்கை ஒழுங்கையாக மரக்கறி கொண்டு திரிந்த நடமாடும் வியாபாரிகள். படலையடியில் நடந்த வியாபாரத்தில் இன்னொரு இலாபமும் உண்டு: சந்தையில் நூறு கிலோவுக்குப் பத்துக் கிலோ கழிவு என்று கழித்துக்கொள்ளும் பழைய வழக்கம் அங்கே இல்லை.

கெடாத பொருளுக்குக் கணக்கு வேறு. தேவையான நேரத்தில் தேவையான அளவு மட்டும் தருவிக்கும் முறையை உலகுக்குக் கற்றுக்கொடுத்த டொயோட்டா நிறுவனமே, 2011 ஜப்பான் நிலநடுக்கத்தில் பட்ட அடிக்குப் பிறகு, மின்னணுச் சில்லுகளை மாதக்கணக்கில் இருப்பு வைக்கும்படி தனக்கு வழங்குவோரிடம் கேட்டது. பெருந்தொற்றில் மற்ற கார்த் தொழிற்சாலைகள் சில்லின்றித் தடுமாறத் தொடங்கியபோது அது கொஞ்சக்காலம் சமாளித்தது. அறை நிறைய ஒடியலும் புழுக்கொடியலும் வைத்திருந்த யாழ்ப்பாண வீட்டுக்கு இது புதிய பாடமல்ல.

இருப்பும் இல்லை, இன்னொரு வாசலும் இல்லை என்றால் என்னாகும் என்பதற்கு மஞ்சள் சான்று. அந்நியச் செலாவணி நெருக்கடியால் 2020இல் மஞ்சள், உளுந்து இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. தோசையும் வடையும் விலையேறின. தமிழ்நாட்டிலிருந்து படகில் கடத்தப்பட்ட மஞ்சள் மூட்டைகள் வடகரையில் பிடிபட்டன. வீட்டு வளவில் மஞ்சள் நடும் ஆர்வம் பிறகுதான் வந்தது. மஞ்சள் விளைய எட்டு ஒன்பது மாதமாகும்; நடுவதற்கு வேண்டிய விதைக்கிழங்கும் அந்நேரம் கிடைக்காத அதே மஞ்சள்தான்.