நம் இரத்தமா, நம் பழக்கமா?

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பகுதிப் பங்குகளில் ஞாயிறு திருப்பலிக்கு வருவோரைப் பார்த்தாலே, எத்தனை வகை மக்கள் இங்கே கூடி வாழ்கிறோம் என்பது விளங்கும். தென் மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறிய தமிழர், கேரளத்தவர், புனித தோமையார் மலையிலும் பல்லாவரத்திலும் பல தலைமுறைகளாக வாழும் ஆங்கிலோ இந்தியர், கட்டட வேலைக்கு வந்திருக்கும் ஜார்கண்ட், ஒடிசா இளைஞர். உணவு வேறு, உழைப்பு வேறு, நோய்களும் வேறுபடுகின்றன. ஆனால் காரணம் கேட்டால் நம்மவர் தரும் பதில் ஒன்றுதான்: "அது எங்க இரத்தத்திலேயே இருக்கு, ஃபாதர்."

இதில் பாதி உண்மை உண்டு. ஐரோப்பியரைவிடத் தெற்காசியராகிய நமக்குத் தசை குறைவு. கொழுப்பு வயிற்றைச் சுற்றிச் சேருகிறது. எனவே குறைந்த எடையிலேயே, இளம் வயதிலேயே சர்க்கரை நோய் வருகிறது. 165 செ.மீ. உயரமுள்ளவர் 68 கிலோவைத் தாண்டினால் எடை அதிகம் என்பது உலகப் பொதுக் கணக்கு. ஆசியர்கள் அதற்கு முன்பே விழிப்பாயிருக்க வேண்டும் என்று உலக நலவாழ்வு நிறுவனத்தின் வல்லுநர் குழு 2004-இல் கூறியது. அதன்படி அதே உயரமுள்ள நம்மவருக்கு எல்லை ஏறத்தாழ 63 கிலோ. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டக்கூடாது. "ஒல்லியாகத்தானே இருக்கிறேன், எனக்கு எப்படி?" என்று கேட்பவர் தராசை விட்டுத் தையல்காரரின் நாடாவை எடுத்துப் பார்க்கட்டும்.

மறுபாதியைத்தான் நாம் பேசுவதில்லை. லக்னோ, நாக்பூர், ஹைதராபாத், பெங்களூரு நகரத் தொழிற்சாலைகளில் வேலைசெய்யக் கிராமத்திலிருந்து வந்தவர்களையும், ஊரிலேயே தங்கிவிட்ட அவர்களுடைய உடன்பிறந்தோரையும் ஒப்பிட்ட ஆய்வு 2010-இல் வெளிவந்தது. ஆண்களில், ஊரில் இருந்தோரில் நூற்றுக்கு 6 பேருக்குச் சர்க்கரை நோய். நகரத்துக்கு வந்தோரில் 14 பேருக்கு. ஒரே குடும்பம், ஒரே இரத்தம்! நகரத்தில் உடலுழைப்பு குறைந்தது, உணவில் கொழுப்பு கூடியது. நம் வீடுகளிலும் கதை இதுதானே? வயலில் இறங்கியவர் உண்ட அதே அளவு சோற்றை, நாற்காலியில் அமர்ந்திருப்பவரும் உண்கிறார்.

"வடக்கத்தியர் ரொட்டி சாப்பிடுகிறார்கள், அவர்களுக்குச் சர்க்கரை வராது" என்பது நம்மிடையே உலவும் இன்னொரு நம்பிக்கை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வின்படி கேரளத்தில் 25.5 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய். உத்தரப் பிரதேசத்தில் 4.8 மட்டுமே. நம்பிக்கை சரிதானே என்று தோன்றும். ஆனால் அங்கே நோயாளி ஒருவருக்கு ஏறத்தாழ நான்கு பேர் நோயின் வாசலில் நிற்கிறார்கள் என்றும் அதே ஆய்வு சொல்கிறது. ரொட்டி அவர்களைக் காப்பாற்றப் போவதில்லை.

அதுபோலவே, புலம்பெயர்ந்து வந்த தொழிலாளர் வாயில் அடக்கிக்கொள்ளும் கைனியைப் பார்த்து முகம் சுளிக்கிறோம். 2016-17 கணக்கெடுப்பில் புகையிலை பயன்படுத்துவோர் ஒடிசாவில் 45.6 விழுக்காடு, ஜார்கண்டில் 38.9, தமிழகத்தில் 20. வேறுபாடு பெரிதுதான். ஆனால் டாஸ்மாக் வாசலில் நிற்பவர் யார் என்று நாம் கேட்பதில்லை.

இரு சாராரும் சந்திக்கும் இடம் ஒன்று நம்மூரிலேயே உண்டு. டாக்டர் சவுரிமுத்து 1928-இல் காசநோயாளருக்காகத் தொடங்கிய தாம்பரம் சானடோரியம், இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. நெருக்கமான அறையில் பத்துப் பேராக உறங்கும் தொழிலாளருக்குக் காசநோய் எளிதில் பரவும். அடுக்குமாடியில் வசித்தாலும், சர்க்கரை நோயாளிக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவரைவிட இரண்டு, மூன்று மடங்கு அதிகம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் இருவருமே சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அரசு மருத்துவமனைகளில் அது இலவசம். தமிழ் தெரியாத இளைஞர் தனியே போகத் தயங்குவர். இந்தி தெரிந்த ஒருவர் உடன் சென்றால் போதும். ஒவ்வோர் அன்பியத்திலும் அதற்கென இருவரைக் குறித்துவைக்கலாம்.