லோரி ஏறும் தேனீக்கள்

பால்மரம் வெட்டிய குடும்பங்களுக்கு இலையுதிர் காலம் என்றால் கை சுருங்கும் காலம். மரம் மொட்டையாகும், பால் குறையும், சம்பளமும் குறையும். பாச்சாங் பக்கம் வீடமைப்புப் பகுதிகளில் இன்று பேரப்பிள்ளைகளோடு இருக்கும் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள், அந்த மாதங்களில் கடைக் கடன் எப்படி ஏறியது என்று கதை கதையாகச் சொல்வார்கள்.

ஆனால் மொட்டை மரம் தளிர்விடும் அந்த வாரங்கள்தாம் தேனீக்குச் சம்பள மாதம்! ரப்பர் இலைக் காம்பின் நுனியில், மூன்று இலைகளும் சேரும் இடத்தைக் கவனித்திருக்கிறீர்களா? அங்கே சின்னஞ்சிறு சுரப்பிகள் உண்டு. தளிர் செம்பு நிறம் மாறி இளம்பச்சையாகும்போது அவற்றில் இனிப்பு நீர் கசியும். ரப்பர்த் தேன் பெரும்பாலும் பூவிலிருந்து வருவதில்லை, இந்த இலைக்காம்பிலிருந்து வருகிறது.

இந்தத் தேனை நம்பியே பிழைக்கும் தமிழர்கள் கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டத்தில் இருக்கிறார்கள். 1920-களில் அங்கே ஸ்பென்சர் ஹேட்ச் என்ற அமெரிக்கர் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் கிராம முன்னேற்ற நிலையம் நடத்தினார். கோழி வளர்ப்பு போன்ற கைத்தொழில்களோடு தேனீ வளர்ப்பும் ஏழை வீடுகளுக்குள் புகுந்தது. வளர்ப்பது அடுக்குத் தேனீ. நம் ஊரில் மரப்பொந்துகளில் கூடு கட்டுகிறதே, அதே இனந்தான்.

ஒரே ஊரில் ஆண்டு முழுதும் தேன் கிடைக்காது. ஆகவே ரப்பர் தளிர்விடும் பருவத்தில் அவர்கள் பெட்டிகளை லோரியில் ஏற்றிக் கேரளத் தோட்டங்கள்வரை கொண்டுபோவார்கள். தேன் முடிந்ததும் திரும்பக் கொண்டுவருவார்கள். மழைக் காலத்தில் சீனிப் பாகு ஊற்றிக் காப்பாற்றுவார்கள். மாட்டை மேய்ச்சலுக்கு ஓட்டுவதுபோல என்று நினைக்கலாம். ஆனால் மாடு தன் காலால் நடந்து போகிறது. தேனீயை வீட்டோடு பெயர்த்துத் தூக்கிக்கொண்டு போகிறோம்.

பெட்டிக்குள் புழுக்கள் இருக்கும் இடம் எப்போதும் 34, 35 டிகிரிச் சூட்டில் இருக்க வேண்டும். சூடு கூடினால் வேலைக்காரத் தேனீக்கள் வாசலில் நின்று இறக்கையால் விசிறும். வாசலை அடைத்து லோரியில் குலுக்கினால் ஆயிரக்கணக்கான தேனீக்களும் ஒரேயடியாகக் கலவரப்படும். அந்தக் கலவரமே சூட்டை ஏற்றும். மெழுகு இளகி, தேன் கனத்தால் அடை அறுந்து விழும். தேனீக்கள் தேனிலேயே மூழ்கி, மூச்சு முட்டிச் சாகும். இதனால்தான் அனுபவசாலிகள் பொழுது சாய்ந்து எல்லாத் தேனீயும் வீடு திரும்பிய பிறகு வாசலை அடைத்து, காற்றுக்கு வலை வைத்து, இரவோடு இரவாகப் பயணத்தை முடிக்கிறார்கள். வழியில் தேநீருக்கு நிறுத்துவதென்றாலும் நெடுநேரம் நிறுத்துவதில்லை.

ஊர் போய்ச் சேர்ந்தால் மட்டும் போதுமா? அடுக்குத் தேனீ கோபக்காரி. இடம் பிடிக்காவிட்டால் ராணியையும் கூட்டிக்கொண்டு பெட்டியைக் காலி செய்துவிடும். அப்புறம் தேன் கிடைத்தாலும் அது அரைச் சாப்பாடுதான். புழு வளர மகரந்தம் வேண்டும், இலைக்காம்பில் மகரந்தம் ஏது? சுற்றிலும் தென்னை, புளி, செடிகொடி இருக்கும் தோட்டத்தில் பெட்டி தேறும். மைல் கணக்கில் ஒரே மரமாக இருந்தால் மெலியும்.

அமெரிக்காவில் இதைவிடப் பெரிய பயணம் நடக்கிறது. ஒவ்வொரு பிப்ரவரியிலும் கலிபோர்னியாவின் வாதுமைத் தோட்டங்களுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் லோரியில் வந்து சேர்கின்றன. நெடும்பயணம் போன தேனீக்களை அங்கே சோதித்துப் பார்த்தார்கள். புழுவுக்குப் பால்போன்ற உணவு சுரக்கும் தலைச் சுரப்பி, பயணம் போன செவிலித் தேனீக்களில் சிறுத்திருந்தது என்று 2012-ல் எழுதினார்கள். ஊர்விட்டு ஊர் போகும் தேனீக்களின் ஆயுள், ஒரே இடத்தில் இருப்பவற்றைவிடக் குறைவு என்று 2016-ல் வெளியான இன்னொரு ஆய்வு சொன்னது. வேலை மும்முரமான பருவத்தில் வேலைக்காரத் தேனீயின் ஆயுளே ஆறு வாரந்தான். அதில் ஒரு நாள் குறைந்தாலும் நட்டந்தானே!

அசதியைக்கூட நல்ல தீனி போட்டுத் தேற்றலாம். நோயை என்ன செய்வது? 1976-ல் தாய்லாந்தில் அடுக்குத் தேனீயிடம் ஒரு நச்சுயிர் நோய் தெரிந்தது. 1978-ல் அது இந்தியாவின் வடகிழக்கில் காணப்பட்டது. 1991-ல் தென்னாட்டுக்கு வந்துவிட்டது. அறைக்குள் புழு நீர் நிறைந்த பைபோல ஊதி, தலையைத் தூக்கியபடி செத்துக் கிடக்கும். மருந்து கிடையாது. ஓரிரு ஆண்டுகளில் தென்னாட்டுத் தேனீப் பெட்டிகளில் பத்துக்கு ஒன்பது காலியாயின. தேன் விற்ற பணத்தில் பிள்ளைகளைப் படிக்கவைத்த வீடுகளில் வெறும் பலகைப் பெட்டிகள் மிஞ்சின. தப்பிய சில கூட்டங்களைப் பிரித்துப் பெருக்கித்தான் தொழிலை மீட்டார்கள்.

காட்டுக் கூடுகளும் நோயைச் சுமந்தன, பெட்டியை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் நோயுள்ள பெட்டி லோரி ஏறி, பல ஊர்ப் பெட்டிகள் கூடும் தோட்டத்தில் இறங்கினால், பலவீனமான கூட்டில் மற்றவை தேன் திருடும்போதே நோயையும் வீட்டுக்கு எடுத்துப் போகும். 2022 ஜூனில் ஆஸ்திரேலியாவின் நியூகாசல் துறைமுகத்தருகே வரோவா என்ற உண்ணி தென்பட்டதும், அந்த மாநில அரசாங்கம் முதலில் போட்ட உத்தரவு என்ன தெரியுமா? தேனீப் பெட்டி எதையும் நகர்த்தக்கூடாது என்பதுதான். அப்படியும் அடுத்த ஆண்டு உண்ணியை ஒழிக்கும் முயற்சியையே கைவிட நேர்ந்தது.

மலாக்காவில் பால்மரம் நின்ற இடமெல்லாம் இன்று பெரும்பாலும் செம்பனை. அதன் பூவில் மகரந்தம் உண்டு, தேன் இல்லை. ஆகையால் செம்பனைக்குள் பெட்டி வைத்துத் தேனுக்குக் காத்திருப்பது வீண். வீட்டோரம் பழமரமும் பூச்செடியும் இருந்தால் ஒன்றிரண்டு பெட்டி தாங்கும்.

பெட்டி வாங்கும்போது தேனைப் பார்ப்பதற்கு முன்னால் புழு அடையைப் பாருங்கள். புழு முத்துப்போல வெளுத்து, வளைந்து கிடக்க வேண்டும். தலை தூக்கிய புழு நாலைந்து கண்ணில் பட்டாலும் காசை மடியில் வைத்துக்கொண்டு திரும்பிவிடுங்கள். வாங்கிய பெட்டியைக் கொஞ்ச நாள் மற்றவற்றிலிருந்து தள்ளி வையுங்கள். கொல்லையிலிருந்து வாசலுக்கு மாற்றுவதென்றால் ஒரே நாளில் மாற்றாதீர்கள். தீனிக்குப் போன தேனீ பழைய இடத்துக்கே வந்து வட்டமிட்டுச் சாகும். தினம் ஓரடி, ஈரடி நகர்த்துங்கள்.

இப்போது பலர் கெலுலுட் வளர்க்கிறார்கள். கொட்டாத தேனீதானே என்று மரத்துண்டோடு காரில் படுக்கவைத்துக் கொண்டுவருகிறார்கள். கெலுலுட் முட்டை, மூடிய அறைக்குள் குழம்புபோன்ற தீனியின்மேல் மிதந்துகொண்டிருக்கும். துண்டைப் புரட்டினால் முட்டை தீனிக்குள் மூழ்கிவிடும். மரத்தில் நின்ற வாக்கிலேயே நிமிர்த்திக் கட்டி, மேல்பக்கம் எதுவென்று சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டுக் கொண்டுவாருங்கள்.