ஓம்ஸ் மாறவில்லை, ஆனாலும் ரெசிஸ்டர் கருகியது ஏன்? 'வாட்' கணக்கு - ஓர் எளிய விளக்கம்

செல்போன் சார்ஜரின் 5 வோல்ட்டில் ஒரு சிவப்பு எல்இடி, அதோடு 220 ஓம்ஸ் ரெசிஸ்டர். இரண்டு வாரமாக அழகாக எரிகிறது. 'இதையே வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரிக்கு இண்டிகேட்டரா மாட்டினா என்ன?' என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை தோன்றுகிறது. மாட்டிய கொஞ்ச நேரத்தில் அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல்: "என்னடா, ஏதோ கருகுற வாசனை வருது?"

அதே எல்இடி, அதே ரெசிஸ்டர். மாறியது வோல்டேஜ் மட்டும்தான். அப்புறம் ஏன் கருகியது?

ஓம்ஸ் வேறு, வாட் வேறு

எவ்வளவு கரன்ட் போகலாம் என்பதை ஓம்ஸ் முடிவு செய்கிறது. அப்படிக் கரன்ட் போகும்போது ரெசிஸ்டர் சூடாகும். அந்தச் சூட்டை அதன் உடம்பு தாங்குமா என்பதைச் சொல்வதுதான் வாட். புதிதாக எலெக்ட்ரானிக்ஸ் பழகுபவர்களில் பலர் ஓம்ஸை மட்டும் கணக்குப் போட்டுவிட்டு, வாட்டை மறந்துவிடுகிறார்கள்.

கணக்கு கஷ்டமா?

இல்லை, ஒரே ஒரு பெருக்கல். ரெசிஸ்டர் மேல் விழும் வோல்டேஜை அதில் ஓடும் கரன்ட்டால் பெருக்கினால் வாட் கிடைக்கும்.

முதலில் 5 வோல்ட். சிவப்பு எல்இடி சுமார் 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும். மீதி 3 வோல்ட் ரெசிஸ்டருக்கு. 3-ஐ 220-ஆல் வகுத்தால் கரன்ட் சுமார் 0.014 ஆம்பியர். பெருக்கினால் 0.04 வாட். கால் வாட் (0.25) ரெசிஸ்டருக்கு இது ஒன்றுமே இல்லை.

இப்போது 12 வோல்ட். எல்இடிக்குப் போக மீதி 10 வோல்ட். கரன்ட் 0.045 ஆம்பியர். பெருக்கினால் 0.45 வாட். கால் வாட் ரெசிஸ்டரின் தலையில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு சுமை! பொதுவாக 20 மில்லி ஆம்பியர் தாங்கும் எல்இடிக்கும் இது அதிகம்.

கவனித்தீர்களா? ரெசிஸ்டர் மேல் விழும் வோல்டேஜ் மூன்று மடங்குக்குச் சற்று மேல்தான் கூடியது. சூடோ 11 மடங்கு ஏறிவிட்டது. வோல்டேஜ் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும் என்பதுதான் இதன் ரகசியம்.

சரி, என்ன போடலாம்?

680 ஓம்ஸ் போட்டால் கரன்ட் 15 மில்லி ஆம்பியருக்கு இறங்கும். சூடு 0.15 வாட். 'அப்போ கால் வாட் போதுமே' என்று தோன்றும். அவசரப்படாதீங்க. 12 வோல்ட் பேட்டரி எப்போதும் 12 வோல்ட்டில் இருக்காது. சார்ஜ் ஏறும்போது 14.4 வோல்ட் வரை போகலாம். அப்போது ரெசிஸ்டர் மேல் 12.4 வோல்ட், சூடு 0.23 வாட். கால் வாட்டின் விளிம்புக்கே வந்துவிட்டோம்.

அதனால் பலரும் பின்பற்றும் வழி இது: அதிகபட்ச வோல்டேஜுக்குக் கணக்குப் போடுங்கள், வந்த விடையை இரண்டால் பெருக்குங்கள், அதற்கு அடுத்த அளவை வாங்குங்கள். இங்கே 0.46 வருகிறது, ஆகவே அரை வாட்.

ஏன் இரண்டு மடங்கு? பாக்கெட்டில் போட்டிருக்கும் வாட், காற்றோட்டம் உள்ள இடத்துக்கானது. பல ரெசிஸ்டர்களில் சுற்றுப்புறம் 70 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் தாங்கும் திறன் குறையத் தொடங்கும். மூடிய பிளாஸ்டிக் டப்பாவுக்குள் அந்தச் சூடு எளிதில் வரலாம். முழு வாட்டில் ஓடும் ரெசிஸ்டரின் மேற்பரப்பு 100 டிகிரியைக்கூடத் தாண்டலாம். விரலால் தொட்டுப் பார்த்துச் சோதிக்க வேண்டாம்!

வாட் ரொம்ப அதிகமாக வந்தால்?

டிசைனையே ஒருமுறை திரும்பப் பாருங்கள். 12 வோல்ட் அடாப்டரில் ஒரே ஒரு 1 வாட் வெள்ளை எல்இடியை (3.2 வோல்ட், 350 மில்லி ஆம்பியர்) எரிக்க வேண்டும் என்று வையுங்கள். மீதி 8.8 வோல்ட்டும் ரெசிஸ்டர் மேல் விழும். சூடு சுமார் 3 வாட். எல்இடி எடுப்பதைவிடச் சூடாக வீணாவதுதான் அதிகம். அதே எல்இடி மூன்றை வரிசையாக இணைத்தால் 6.8 ஓம்ஸ் ரெசிஸ்டரே போதும், சூடு 0.85 வாட்தான். 2 வாட் ரெசிஸ்டர் போட்டால் நிம்மதி. வெளிச்சமும் மூன்று மடங்கு.

கடையில் எப்படிக் கேட்பது?

ரெசிஸ்டர் மேல் இருக்கும் வண்ணக் கோடுகள் ஓம்ஸைச் சொல்லும், வாட்டைச் சொல்லாது. சாதாரண ரகத்தில் கால் வாட் சுமார் 6 மில்லி மீட்டர் நீளம், அரை வாட் சுமார் 9 மில்லி மீட்டர். சென்னை ரிச்சி தெருவோ உங்கள் ஊர் எலெக்ட்ரானிக்ஸ் கடையோ, '680 ஓம்ஸ்' என்று மட்டும் கேட்டால் பெரும்பாலும் கால் வாட்தான் கைக்கு வரும். '680 ஓம்ஸ், அரை வாட்' என்று சேர்த்தே கேளுங்கள். விலை வித்தியாசம் ஒரு டீ காசுகூட வராது.

அரை வாட் கிடைக்கவில்லையா? 330 ஓம்ஸ் கால் வாட் இரண்டை வரிசையாகப் போடுங்கள். மொத்தம் 660 ஓம்ஸ். சூட்டை இரண்டும் சரிபாதியாகப் பங்கு போட்டுக்கொள்ளும்.

இரண்டு எச்சரிக்கைகள்

இன்வெர்ட்டர் பேட்டரியில் ஷார்ட் ஆனால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும், ஒயரே தீப்பிடிக்கும். பிளஸ் முனைக்குப் பக்கத்திலேயே சின்ன ஃபியூஸ் ஒன்று அவசியம். இன்னொன்று, வீட்டு 230 வோல்ட் மின்சாரத்தில் இந்தக் கணக்கை மட்டும் நம்பி இறங்காதீர்கள். வாட் சரியாக இருந்தாலும் சாதாரண ரெசிஸ்டர் அந்த வோல்டேஜைத் தாங்காமல் போகலாம். உயிருக்கும் ஆபத்து.

மற்றபடி, ஓடிக்கொண்டிருக்கும் சர்க்யூட்டை வேறு வோல்டேஜுக்கு மாற்றும் ஒவ்வொரு முறையும் அந்தப் பெருக்கலைத் திரும்பப் போடுங்கள். செல்போன் கால்குலேட்டரில் அரை நிமிட வேலைதான்.