உயர்ந்த மொழி, தாழ்ந்த மொழி: நிரலாளர் சண்டை குறித்துச் சில குறிப்புகள்

வில்லியனூரில் ஒரு டீக்கடை. சென்னைக் கம்பெனிகளில் நிரல் எழுதும் இரண்டு இளைஞர்கள், லீவுக்கு ஊர் வந்தவர்கள், ஜாவாவா பைத்தானா என்று மோதிக்கொண்டிருந்தார்கள். "பைத்தான்லாம் ஒரு லாங்குவேஜா? ஆமை மாதிரி ஓடும்" என்றார் ஒருவர். "நீ எழுதி முடிக்கறதுக்குள்ள நான் வேலைய முடிச்சிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன்" என்றார் மற்றவர். பாகூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த பிளஸ் டூ பையன் குறுக்கிட்டான்: "அப்ப நான் எதண்ணா படிக்கட்டும்?" இருவரும் ஒத்துப்போனது அந்த இடத்தில்தான்: "எதுக்கு வேலை இருக்கோ அதப் படி."

அதுவரை தகுதி குறித்து நடந்த விவாதம் ஒரு நொடியில் சந்தை குறித்ததாகிவிட்டது. 'நல்ல மொழி', 'செல்வாக்குள்ள மொழி' என்னும் இரண்டும் எப்படி ஒன்றாகக் காட்டப்படுகின்றன, அந்தக் கலப்பில் யாருடைய கேள்வி காணாமல் போகிறது என்பதை யோசிக்க வேண்டியிருக்கிறது.

நிரல் எழுதாத வாசகர்களுக்காகச் சிறு விளக்கம். கணினியின் செயலிக்குத் தெரிந்தவை எண்களாலான ஆணைகள் மட்டுமே. ஜாவா, பைத்தான், சி போன்றவை மனிதர் எழுதுவதற்காக உண்டாக்கப்பட்டவை. அவற்றை எந்திரத்துக்கு ஏற்றபடி மாற்றித்தரத் தனி நிரல்கள் உண்டு. பாடப்புத்தகம் எந்திரத்துக்கு நெருக்கமானதைக் 'கீழ்நிலை மொழி' என்றும் மனிதருக்கு நெருக்கமானதை 'உயர்நிலை மொழி' என்றும் அழைக்கிறது. எந்த மனிதருக்கு என்று அது சொல்வதில்லை.

1950களில் அமெரிக்காவில் கிரேஸ் ஹாப்பர், கணக்கு வழக்கு பார்க்கும் ஊழியர்களும் புரிந்துகொள்ளும்படி அன்றாட ஆங்கிலச் சொற்களால் நிரல் எழுத வழிசெய்தார். அதே நிரலைப் பிரெஞ்சு, ஜெர்மன் சொற்களிலும் எழுதி இயக்கிக் காட்டியபோது நிர்வாகத்தினர் மிரண்டுபோனார்கள் என்று அவரே பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். அமெரிக்கக் கணினிக்குப் பிரெஞ்சு எப்படிப் புரியும் என்பது அவர்களுடைய சந்தேகம். ஆனால் எந்திரத்துக்கு ஆங்கிலமும் புரியாது, பிரெஞ்சும் புரியாது. எல்லாமே அதற்குக் குறிகள்தான். நிரல்மொழிச் சொற்கள் ஆங்கிலத்தில் இருப்பது இயற்கை அல்ல, வரலாறு.

சரி, தகுதி என்று ஒன்று இல்லவே இல்லையா? 'எல்லாம் பார்வையைப் பொறுத்தது' என்று நம்மில் சிலர் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். அது தப்பு. சி மொழியில் நினைவகத்தைக் கையாளும் பொறுப்பு பெரும்பாலும் எழுதுகிறவர் தலையில் விழுகிறது. வேகம் கிடைக்கும், விபத்தும் நேரும். சி, சி++ மொழிகளில் எழுதப்பட்ட பகுதிகள் மிகுந்த தங்கள் மென்பொருட்களின் பாதுகாப்புக் குறைகளில் சுமார் 70 விழுக்காடு இவ்வகைத் தவறுகளால் வந்தவை என்று மைக்ரோசாஃப்ட் 2019இல் சொன்னது. கூகுளின் குரோம் குழுவும் 2020இல் ஏறத்தாழ இதே கணக்கைச் சொன்னது. ரஸ்ட் மொழி இவற்றில் பெரும்பாலானவற்றை நிரல் ஓடுவதற்கு முன்பே தடுத்துவிடுகிறது. பைத்தான் மெதுவானது, ஆனால் படிக்க எளிது. ஆக, தகுதி உண்மையானது. எந்த வேலைக்கு என்று கேட்டால்தான் அதற்குப் பொருள் வரும்.

செல்வாக்கின் கதை வேறு. டயோபி என்னும் பட்டியல் தேடுபொறிகளில் ஒரு மொழியின் பெயர் எத்தனை பக்கங்களில் அகப்படுகிறது என்று எண்ணுகிறது. அதில் 2021 அக்டோபரில் பைத்தான் முதலிடம் பிடித்தது. ஸ்டேக் ஓவர்ஃப்ளோ நிரலாளர்களையே கேட்கிறது. அங்கே பெரும்பாலான ஆண்டுகளில் ஜாவாஸ்கிரிப்ட்தான் முன்னால் நிற்கிறது. தராசு மாறினால் எடை மாறுகிறது. ஜாவாஸ்கிரிப்டின் முதல் வடிவத்தை பிரெண்டன் ஐக் 1995இல் பத்தே நாளில் எழுதினார். அது பரவியதற்கு முக்கியக் காரணம் அழகல்ல. எல்லா உலாவிகளுக்குள்ளும் குடியேறிய மொழி அது. சி மொழி யுனிக்ஸின் தோளில் ஏறிப் பல்கலைக்கழகங்களுக்குள் போனது. மொழிகளுக்கு நிறுவனங்கள் கால் கொடுக்கின்றன.

பாகூர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. 9ஆம் நூற்றாண்டுப் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்துச் செப்பேடு, பாகூரில் இருந்த ஒரு வித்யாஸ்தானத்துக்கு மூன்று கிராமங்கள் கொடுக்கப்பட்டதைச் சொல்கிறது. அதில் புகழ்ச்சி சமஸ்கிருதத்தில், நிலத்தின் விவரம் தமிழில். மொழி உயர்ந்தது என்பதற்காக மட்டும் கிராமங்கள் வந்துவிடவில்லை, கிராமங்கள் வந்ததாலும் அது உயர்ந்தது. பிறகு கொம்யூன் அலுவலகத்தில் பிரெஞ்சு இருந்தது. 1956 ஒப்பந்தம் அதற்கு இடம் வைத்தது. காகிதத்தில் இடம் இருந்தும், வேலை ஆங்கிலத்துக்குப் போனதும் பிள்ளைகளும் அங்கே போனார்கள்.

நானும் அப்படிப் போனவன்தான். 1999இல் அம்மாவின் தோட்டை அடகு வைத்து ஒரு பயிற்சி நிலையத்தில் விஷுவல் பேசிக் படித்தேன். 'இதுதான் எதிர்காலம்' என்றார்கள். பத்து வருஷத்துக்குள் அந்த எதிர்காலம் முடிந்துவிட்டது. ஆனால் மாறி, நிபந்தனை, மடக்கு என்று அங்கே கற்ற கருத்துகள் அடுத்தடுத்த மொழிகளிலும் எனக்குக் கைகொடுத்தன. பெயர் போனது, கருத்து தங்கியது.

இப்போது பையனின் கேள்விக்கு வருவோம். புதுச்சேரி அரசுப் பள்ளிகள் 2023-24 முதல் படிப்படியாக மத்தியப் பாடத்திட்டத்துக்கு மாறின. முன்பு தமிழ்நாட்டுப் பாடநூல் இருந்தபோது தமிழ்வழி மாணவர்கள் பைத்தானைத் தமிழ் விளக்கத்தோடு படிக்க முடிந்தது. 'செயற்கூறு', 'மடக்கு' என்ற சொற்கள் அங்கிருந்து வந்தவை. இப்போது அதே பைத்தானை ஆங்கிலப் புத்தகத்தில் படிக்கிறார்கள். நிரல்மொழி மாறவில்லை, ஆனால் எட்டாத தூரத்துக்குப் போய்விட்டது. டீக்கடைச் சண்டையில் இதற்கு இடமே இல்லை.

அன்று சாயங்காலம் அவன் மடிக்கணினியைக் காட்டினான். திரையில் சிவப்பாக 'இன்டென்டேஷன் எர்ரர்'. இரண்டு நாளாக அப்படியே விட்டுவைத்திருக்கிறான். "வரி ஆரம்பத்துல விட்ட எடம் சரியில்லன்னு சொல்லுதுடா" என்றேன். "அவ்ளோதானாண்ணா?" என்று ஒரு நிமிஷத்தில் திருத்தினான். அவனைத் தடுத்தது பைத்தானின் தகுதிக்குறைவு அல்ல.

அப்படியானால் தமிழிலேயே நிரல்மொழி வேண்டுமா? இருக்கிறது. முத்து அண்ணாமலை 2007இல் தொடங்கிய 'எழில்' மொழியில் 'ஆனால்', 'இல்லை', 'முடி' என்று எழுதலாம். நிபந்தனையை முதலில் சொல்லிவிட்டுப் பிறகு 'ஆனால்' போடுவதால் வாக்கியம் தமிழாகவே நிற்கிறது. ரஷ்யாவில் 1சி என்னும் வணிக மென்பொருளில் ரஷ்யச் சொற்களாலேயே நிரல் எழுதுகிறார்கள். ஆகவே இதை வெறும் உணர்ச்சி என்று தள்ள முடியாது. அதே சமயம் இதை மட்டும் தீர்வாக்கவும் முடியாது. பைத்தானின் சிறப்புச் சொற்கள் 35தான், இரண்டு நாளில் மனப்பாடமாகிவிடும். ஆயிரக்கணக்கான பக்க விளக்கங்கள், பிழைச் செய்திகள், சந்தேகம் கேட்டுத் தெளியும் பேச்சு ஆகியவைதான் சுவராக நிற்கின்றன. அந்தச் சுவரை 35 சொற்களின் மொழிபெயர்ப்பு இடிக்காது.

பையனிடம் நான் சொன்னது இதுதான்: "பைத்தானே படி, பள்ளிக்கூடத்துல அதான் இருக்கு. வேற வந்தா அப்ப மாறிக்கலாம். ஆனா புரியலன்னா தமிழ்ல கேளு, வெக்கப்படாத." அவன் யாரிடம் கேட்பது என்பதுதான் மிச்சமிருக்கும் கேள்வி. பிழைச் செய்திகளுக்குத் தமிழ் விளக்கம் எழுதுவது, ஊர் நூலகத்தில் வாரம் ஒரு சாயங்காலம் உட்கார்வது ஆகியவை எழுத்தாளர்களும் இயக்கத் தோழர்களும் செய்யக்கூடிய வேலைகள். எது சிறந்த மொழி என்ற விவாதத்தை அதற்குப் பிறகும் தொடரலாம். அப்போது அதில் பாகூர்ப் பையனும் பேசுவான்.