படங்களைச் சுமக்கும் சிற்றட்டை

பிலிம் சுருள் வழங்கிய காலத்தில் ஒரு சுருளுக்குப் பெரும்பாலும் 36 படங்களே கிடைத்தன. கலியாண வீடாயினும் பூப்புனித நீராட்டு விழாவாயினும், படம் பிடிப்பவர் எண்ணிப் பார்த்தே பொத்தானை அழுத்துவார். சுருள் பழுதானால் அந்த 36 படங்களும் போயின, அவ்வளவே. இன்றோ தபால் முத்திரை அளவான ஓர் அட்டையிலே ஒரு குடும்பத்தின் சில ஆண்டுப் படங்கள் யாவும் அடங்கிவிடுகின்றன. அது பழுதானால் எவ்வளவு போகும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? ஆகவே, மெமரி கார்ட் என வழங்கும் இந்த ஞாபக அட்டையைத் தெரிந்தெடுக்கும் விதத்தையும் பேணும் விதத்தையும் சிறிது நோக்குவோம்.

இவ்வட்டையினுள்ளே சுழலும் உறுப்பு எதுவும் இல்லை. ஜப்பானின் தோஷிபா நிறுவனத்திற் பணியாற்றிய புஜியோ மசுவோக்கா என்னும் பொறியியலாளர் 1980களிற் கண்ட பிளாஷ் நினைவகமே இதன் உயிர்நாடி. மின்காப்புச் சுவர் சூழ்ந்த மிக நுண்ணிய அறைகளில் இலத்திரன்களைச் சிறைப்படுத்தி வைப்பதே இதன் உபாயம். மின்சாரம் நின்றபின்பும் அவை அங்கேயே தங்கியிருக்கும். எனினும் எக்காலத்துக்கும் தங்கியிரா. ஆண்டுகள் செல்லச் செல்லச் சிறிது சிறிதாகக் கசியும். வெப்பம் மிகுந்தால் விரைந்து கசியும். எழுதி அழித்து மீண்டும் எழுதுந்தோறும் அச்சுவரும் தேய்கிறது. படத்தைக் கமராவிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவரும் கூடையாகவே இதனைக் கொள்ளவேண்டும்; பெட்டகமாகக் கொள்ளல் ஆகாது.

இன்று பெரிதும் வழங்கும் எஸ்.டி. அட்டையைச் சான்டிஸ்க், மட்சுஷிட்டா, தோஷிபா ஆகிய மூன்று நிறுவனங்களும் சேர்ந்து 1999 இல் அறிமுகஞ் செய்தன. இதன் கொள்ளளவு வளர வளரப் பெயரும் மாறிற்று. 2 ஜிகாபைட் வரை எஸ்.டி.; 32 வரை எஸ்.டி.எச்.சி.; அதற்கு மேல் 2 டெராபைட் வரை எஸ்.டி.எக்ஸ்.சி. பழைய வகைக்கென அமைந்த கமரா புதிய வகை அட்டையை ஏற்காது. எனவே, மாமனார் தந்த பழைய கமராவுக்கு அட்டை வாங்குமுன் அதன் கைந்நூலைப் பார்த்துக்கொள்வது நல்லது.

வேகத்தைப் பற்றிக் கடைக்காரர் கூறுவதிற் பாதி விளம்பரமே. அட்டையின் முகப்பிற் பெரிய எழுத்தில் விளங்கும் எண் பெரும்பாலும் படிக்கும் வேகத்தின் உச்சத்தைக் குறிப்பது. நமக்கு வேண்டியதோ எழுதும் வேகத்தின் கீழெல்லை. வட்டத்தினுள் 10 என்றிருந்தால் விநாடிக்குக் குறைந்தது 10 மெகாபைட். 'யூ' எழுத்தினுள் 3 என்றோ, 'வீ' எழுத்தை அடுத்து 30 என்றோ இருந்தால் 30 மெகாபைட். பிள்ளைகளின் பிறந்தநாளைப் படம் பிடிக்க முன்னையது போதும். உயர்தெளிவான 4கே வீடியோ எடுப்போரே பின்னையதை நாடவேண்டும்.

இவற்றினும் பெரிய விஷயம் போலி அட்டை. நடைபாதையிலும் இணையச் சந்தையிலும் நம்பவொண்ணா மலிவு விலையில் 512 ஜிகாபைட் அட்டை கிடைக்கும். உள்ளே இருப்பது 16 ஆகவும் இருக்கலாம். கமராவையும் கணினியையும் ஏய்த்துப் பொய்க்கணக்குச் சொல்லும்படி அதனைத் திருத்திவைத்திருப்பார்கள். 16 நிறையும் வரை யாதொரு குறையுந் தெரியாது. அதன்பின் எடுக்கும் படங்கள் பழையவற்றின்மேல் எழுதப்படும். அல்லது பெயர் மாத்திரம் பதிந்து படம் பதியாது போகும். கமரா எச்சரிக்கையே செய்யாது. ஆதலால் பற்றுச்சீட்டுத் தரும் கடையிலேயே வாங்குதல் வேண்டும். வாங்கிய அன்றே எச்2டெஸ்ட்டபிள்யூ, எப்3 என்னும் இலவச மென்பொருள்களில் ஒன்றினால் அட்டையை முழுவதும் நிரப்பிச் சோதித்துவிடலாம். ஓரிரு மணி நேரம் செல்லினும், கலியாணத்துக்கு மறுநாள் அறிவதினும் இது மேலல்லவா?

அட்டையில் எழுதும் விளக்கு எரியும்போது அதனை வெளியே இழுப்பது பெருந்தீங்கு. கமராவை நிறுத்தி, விளக்கு அணைந்தபின்னரே எடுக்கவேண்டும். கணினியிற் படங்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிராமல், பிரதி எடுத்தபின் கமராவிலேயே 'போர்மட்' செய்வது உத்தமம். சட்டைப் பையில் சில்லறையோடு போடாமல் சிறு பிளாஸ்டிக் உறையில் வைத்தால் அதன் செப்பமான தொடுமுனைகள் பழுதுறா.

இனி, கைதவறிப் படங்கள் அழிந்துவிட்டால் என் செய்வது? பலரும் அறியாத செய்தி ஒன்றுண்டு. அழிக்கும்போது பெரும்பாலும் படம் அழிவதில்லை. பெயர்ப்பட்டியலில் அதன் குறிப்பே நீங்குகிறது. நூலகத்தில் அட்டவணைச் சீட்டைக் கிழித்தாலும் புத்தகம் தட்டிலேயே இருப்பது போன்றது இது. அவ்விடத்தில் புதுப்படம் எழுதப்பட்டாற்றான் பழையது மெய்யாகவே போகும். ஆகவே மேற்கொண்டு ஒரு படமும் எடுக்காமல் அட்டையை உடனே கழற்றிவிடவேண்டும். கணினி 'போர்மட் செய்யவா?' என்று கேட்டால் மறுத்துவிடவேண்டும். போட்டோரெக் என்னும் இலவச மென்பொருளால் பல சமயங்களிற் படங்களை மீட்கலாம். மீட்டவற்றை அதே அட்டையில் எழுதாமல் வேறொரு வட்டிற் பதிதல் அவசியம்.

2004 மார்கழியிற் கடல் ஊருக்குட் புகுந்தபோது நம் கரையோரத்தில் எத்தனையோ வீடுகளில் அலுமாரியோடு அல்பங்களும் போயின. அன்று ஒரு படத்துக்குப் பிரதி எடுப்பது செலவுள்ள காரியம். இன்று கனடாவிலோ இலண்டனிலோ இருக்கும் சித்தப்பா வீட்டுக்கு முழுத் தொகுதியையும் ஒரு சிறு வட்டில் அனுப்பி வைக்கலாம். வாட்ஸ்அப்பில் வழக்கமாக அனுப்பும் படம் சுருங்கிய படம். அதனைப் பிரதி என எண்ணிவிடக் கூடாது. வீட்டுக் கணினியில் ஒன்று, வெளியூரில் ஒன்று என இரண்டு பிரதிகள் சேர்ந்து, அவற்றிலிருந்து நாலைந்து படங்களைத் திறந்து முழுமையாக இருக்கின்றனவா என்று பார்த்த பின்னரே அட்டையைத் துடைத்து அடுத்த விழாவுக்கு ஆயத்தஞ் செய்யலாம்.