அண்ணாமலையில் முதல் டிகாக்ஷன்

"திருவண்ணாமலைக்கா போகிறீர்கள்? அங்கே காப்பி எப்படி?"

பிரயாணத்துக்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது அடுத்த வீட்டம்மாள் கேட்டது இந்த ஒரே கேள்விதான். சுவாமி தரிசனத்தைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. அதை அருணாசலேசுவரர் பார்த்துக்கொள்வார். காப்பியை யார் பார்த்துக்கொள்வது?

எனக்கும் அதே கவலைதான். கூட வருகிறவர் என் மாமியார். நான் அவரை அத்தை என்றே அழைப்பது வழக்கம். வயது 74. பௌர்ணமியன்று மலையைச் சுற்றுவதாக வேண்டுதல். நடையைப் பற்றி அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை. ஆனால் விடியற்காலை ஐந்தரை மணிக்கு ஒரு டம்ளர் காப்பி தொண்டையில் இறங்காவிட்டால், அன்று முழுவதும் அவருக்குத் தலைவலி, நமக்கும்தான்!

ஒரு விஷயத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். எங்கள் வீட்டில் ஐம்பது வருஷமாகக் காப்பி போடுகிறவர் அத்தை. ஆனால் அவர் குடிப்பது இரண்டாவது டிகாக்ஷன். பித்தளைப் பில்டரில் பொடி போட்டு, கொதித்து அடங்கிய நீரை ஊற்றினால், இருபது நிமிஷத்தில் சொட்டுச் சொட்டாகக் கீழ்த் தட்டில் இறங்குகிறதே, அந்தக் கறுப்புத் தேன், அது மாமனாருக்கும் பிள்ளைகளுக்கும் வந்த விருந்தாளிக்கும். அதே பொடியின் மேல் மறுபடி வெந்நீர் ஊற்றி இறக்கியது அத்தைக்கு. கலியாணமாகி வந்த பிறகு எனக்கும். இப்படித்தான் செய்ய வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. உங்கள் வீட்டிலும் அப்படித்தானே? அடுக்களைப் பக்கம் கொஞ்சம் எட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

பௌர்ணமிக்கு முதல் நாள் விடியற்காலையில் திண்டிவனம், செஞ்சி வழியாக வந்த பஸ் எங்களை இறக்கி விட்டது. 217 அடி உயர ராஜகோபுரம் இருட்டிலே கரும்பூதம் போல் நின்றது. அதன் எதிரே சந்நிதித் தெருவிலும் தேரடி வீதியிலும் ஹோட்டல் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. யாத்திரைத் தலமல்லவா? இந்த ஊர் தூங்குவதே குறைவு.

எந்த ஹோட்டல் என்று பெயர் சொல்லப் போவதில்லை. எனக்கும் ஹோட்டல்காரர்களுக்கும் பகை ஒன்றும் கிடையாது. ஹோட்டல் காப்பி என்பது பெயர்ப் பலகையில் இல்லை, மாஸ்டரின் கையில் இருக்கிறது. மாஸ்டர் சம்பளத் தகராறில் எதிர்க் கடைக்குப் போனால் காப்பியும் கூடவே போய்விடும். ஆகவே கடையை அடையாளம் காணும் வித்தையைத்தான் சொல்ல முடியும். அதை எனக்குக் கற்றுக் கொடுத்தவர் அத்தை.

அவர் நேரே போய் மேஜையில் உட்காரவில்லை. காப்பி போடும் இடத்துக்கு முன்னால் நின்று கவனித்தார். முதல் கடையில் டிகாக்ஷன் பாத்திரம் அடுப்பின் மேலேயே உட்கார்ந்திருந்தது. "வா, போகலாம்" என்று திரும்பிவிட்டார். காய்ச்சிக் காய்ச்சி வைத்த டிகாக்ஷனில் மணம் ஓடிப்போய்க் கசப்பும் புளிப்பும்தான் மிஞ்சும். இரண்டாவது கடையில் பால் அண்டாவின் ஓரத்தில் மஞ்சள் நிறத்தில் ஏடு காய்ந்து ஒட்டியிருந்தது. நேற்றுப் பாலோடு இன்றைய பாலைச் சேர்த்ததற்கு அதுதான் சாட்சியாம். மூன்றாவது கடையில் ஒரு பையன் அப்போதுதான் பால் பாக்கெட்டுகளை வெட்டி ஊற்றிக்கொண்டிருந்தான். மாஸ்டர் பெரிய பில்டரின் மேல்தட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். அத்தை அங்கே உட்கார்ந்துவிட்டார்.

பாலைப் பற்றி ஒரு வார்த்தை. கடையிலே வாங்கும் பாலில் கொழுப்பு நிறைந்தது 6 சதவிகிதம், நடுத்தரம் 4.5, நீலப் பாக்கெட்டில் வருவது 3 என்று மூன்று தரம் உண்டு. முதல் தரப் பாலில் சுமாரான டிகாக்ஷன் கூடத் தேறிவிடும். மூன்றாம் தரத்தில் மோட்சத்திலிருந்து வந்த டிகாக்ஷனும் தேறாது.

டபரா செட்டு வந்தது. அத்தை ஆற்றவில்லை. மூக்கருகே கொண்டு போனார். "ஏம்பா, இது முதல் டிகாக்ஷனா?" என்று மாஸ்டரைக் கேட்டார்.

"இப்பத்தான் இறங்கிச்சு, பாட்டிம்மா. நீங்கதான் போணி."

அத்தை ஒரு வாய் குடித்தார். பேசவில்லை. இன்னொரு வாய் குடித்தார். நான் என்னவோ ஏதோ என்று பயந்துவிட்டேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "இன்னொன்று சொல்லம்மா" என்றார். ஐம்பது வருஷத்தில் அவர் இரண்டாவது டம்ளர் கேட்டு நான் பார்த்ததில்லை. நான் பார்த்தது அதில் பதினெட்டு வருஷந்தான். இருந்தாலும் நிச்சயமாகச் சொல்வேன்.

தரிசனம் முடிந்து கடைத் தெருவில் காப்பிப் பொடி வாங்கினோம். கண் முன்னால் அரைத்துத் தருகிற கடையாகப் பார்த்து வாங்குவது உத்தமம். பீபரி என்று கேட்டால் பெருமைதான். பழத்துக்குள் இரட்டைப் பருப்பாக இல்லாமல் ஒற்றையாக உருண்டு வளர்ந்த கொட்டை அது, அவ்வளவே. சிக்கரி எவ்வளவு என்று கேட்க வெட்கப்படாதீர்கள். சட்டப்படி, சிக்கரி கலந்த பொடியில் காப்பி 51 சதவிகிதத்துக்குக் குறையக் கூடாது. கலவை விகிதத்தைப் பொட்டலத்தில் அச்சிட்டாக வேண்டும். அதாவது பாதிக்குப் பாதி சிக்கரியைக் குடித்துவிட்டுக் காப்பி குடித்தேன் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்! சந்தேகம் இருந்தால், ஒரு கண்ணாடி டம்ளர் குளிர்ந்த நீரில் ஒரு சிட்டிகை தூவிப் பாருங்கள். காப்பித் தூள் மிதக்கும். சிக்கரி பழுப்பு வால் விட்டுக்கொண்டு கீழே இறங்கும். டீத் தூளுக்கும் இதே போல் ஒரு சோதனை உண்டு. ஈரமான வடிகட்டும் தாளில் தூவினால் உடனே சாயத் திட்டுகள் பரவுமானால் அந்தக் கடைக்கு ஒரு கும்பிடு போட்டுவிடுங்கள்.

பிற்பகல் செங்கம் சாலையில் ஸ்ரீ ரமணாசிரமத்துக்குப் போனோம். 1896-ல் பதினாறு வயதுப் பையனாக இந்த ஊருக்கு வந்த ரமணர், 1950-ல் சமாதி அடையும் வரையில் மலையை விட்டு அகலவே இல்லை என்பது யாவரும் அறிந்தது. அவர் பல வருஷங்கள் விடியுமுன் எழுந்து ஆசிரமச் சமையலறையில் காய் நறுக்கினார். தமக்கென்று தனியாக எதைப் பரிமாறினாலும் ஏற்க மாட்டார், பந்தியில் எல்லோருக்கும் உண்டானதே தமக்கும் என்பார். அத்தைக்கு அது புதுச் செய்தி. நாலு மணிக்கு அங்கே சூடான பாலும் டீயும் தருகிறார்கள். வரிசையில் எங்களுக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரர், பின்னால் ஒரு கிராமத்துப் பாட்டி. எல்லோருக்கும் ஒரே டீ. பிரமாதமான டீ என்று சொல்ல மாட்டேன். சர்க்கரை சற்று தூக்கல். அத்தை மட்டும், "சமையலறையிலே வேலை செய்தவர், முதலில் எடுத்துக்கொள்ளவும் இல்லை, கடைசியில் மிஞ்சியதை எடுத்துக்கொள்ளவும் இல்லை, பார்த்தாயா?" என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார்.

அதே சாலையில், ஆசிரமத்தைச் சுற்றி, வெளிநாட்டாருக்காக ஏற்பட்ட நவநாகரிகக் காப்பிக் கடைகள் சில இருக்கின்றன. மறுநாள் காலை ஒன்றில் நுழைந்தோம். சிக்கரி வாசனையே கிடையாது. சிக்கமகளூரு, குடகு, ஏற்காடு என்று தோட்டத்து ஊரும், கொட்டையை வறுத்த தேதியும் பொட்டலத்தில் போட்டிருந்தார்கள். இந்த வகைக் காப்பிக்கு ருசி பார்க்கிறவர்கள் பரீட்சை வைத்து நூற்றுக்கு 80 மார்க்காவது போட்டால்தான் உயர்தரம் என்று பெயராம். என் பள்ளி நாட்களை நினைத்துக்கொண்டு அந்தக் கொட்டைக்காக இரக்கப்பட்டேன்.

ஒரு பெண் கண்ணாடிக் கூம்பில் காகிதம் வைத்து, பொடி போட்டு, கூஜா மூக்கால் வெந்நீரைச் சுற்றிச் சுற்றி ஊற்றினாள். அத்தை கன்னத்தில் கை வைத்துக்கொண்டு பார்த்தார். "நம் பில்டரேதான், ஏம்மா! மூடியைத்தான் காணோம்." பால் விடாத அந்தக் காப்பி பழச்சாறு போல் லேசாகப் புளித்தது. எனக்குப் பிடித்தது, அத்தைக்குப் பிடிக்கவில்லை. விலை தேரடி வீதியைப் போல் பல மடங்கு. ஆனால் ஒன்று, அங்கே இரண்டு பெண்கள் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினாலும், "அப்புறம் என்ன வேணும்?" என்று மேஜையைத் துடைத்து விரட்ட ஆள் இல்லை. விலையில் பாதி நாற்காலிக்கு என்று வைத்துக்கொண்டேன்.

இந்த நாற்காலி விஷயம் சின்ன விஷயமல்ல. நம் ஊர் டீக்கடைகளில் பெஞ்சு ஆண்களுக்கு. பஸ் நின்றால் ஆண்கள் இறங்கிப் போய் நின்று குடிப்பார்கள். நமக்கு ஜன்னல் வழியாக ஒரு டம்ளர் வரும், அதுவும் ஆறி. நூறு வருஷத்துக்கு முன்னால் காப்பி வந்த புதிதில், பெண்கள் இதற்கு அடிமையாகிக் குடும்பம் கெடுகிறது என்று பத்திரிகைகளில் எழுதினார்களாம். ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்ற தம் கட்டுரையில் அந்தக் காலத்துக் கதைகளைச் சுவையாகச் சொல்லியிருக்கிறார். போட்டுக் கொடுத்தவள்மீதே பழி!

ஆனால் பௌர்ணமி இரவில் திருவண்ணாமலை வேறு ஊர். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர், வெறுங்காலோடு ஜனக்கடல். இந்திர லிங்கம் தொடங்கி ஈசான்ய லிங்கம் வரையில் எட்டு லிங்கங்கள். நடுவில் டீக்கடைகளுக்குக் கணக்கில்லை. பாய்லர் சீறுகிறது, துணி வடிகட்டியில் சாயம் இறங்குகிறது, முழங்கை நீளத்துக்கு டீ பறக்கிறது. நீலகிரியில் இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டிக் குருணையாக்கிய தூள் அது. பாலோடு சேர்ந்தால் நிமிஷத்தில் நிறம் பிடிக்கும். கூம்புக் காப்பியின் நாசூக்கு இதற்குக் கிடையாது, வேண்டியதும் இல்லை. இரவு பதினொரு மணிக்கு, அடி அண்ணாமலை தாண்டி, காலில் கல் குத்திக்கொண்டிருக்கும்போது இதைவிட நல்ல டீ உலகத்தில் எங்கும் இல்லை.

அங்கே பெண்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். வேலூர்ப் பக்கத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர், ஆண் துணை இல்லாமல், காலை நீட்டிக்கொண்டு, டீ ஊதிக் குடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி நகர்ந்து அத்தைக்கு இடம் கொடுத்து, "டீ வேணாம் ஆயா, தூக்கம் கெடும், சுக்குக் காப்பி குடி" என்றாள். அதில் காப்பி துளியும் கிடையாது. சுக்கு, கொத்துமல்லி, பனை வெல்லம்தான். பெயரில் மட்டும் காப்பி. குடித்த அத்தைக்கு முழங்கால் வலி குறைந்ததாம். எட்டு லிங்கத்துக்கு ஐந்து கடை என்ற கணக்கில் விடியற்காலை மூன்று மணிக்குச் சுற்றி முடித்தோம்.

ஊர் திரும்பிய மறுநாள் பில்டரில் ஒரு கரண்டி பொடி அதிகமாகப் போட்டேன்.

"ஏம்மா, விருந்தாளி யாராவது வருகிறார்களா?" என்றார் அத்தை.

இறங்கிய டிகாக்ஷனில் இரண்டு டபரா கலந்து கூடத்துக்கு எடுத்துக்கொண்டு போய், ஒன்றை அவரிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். உள்ளேயிருந்து என் கணவர், "எனக்குக் காப்பி ஆகவில்லையா?" என்று குரல் கொடுத்தார்.

"கொஞ்சம் இருங்கள்" என்றேன். "இரண்டாவது இறங்கிக்கொண்டிருக்கிறது."