மனு எழுத ஓர் ஆள் தேவை!

பசிபிக் பெருங்கடலின் நடுவே துவாலு என்றொரு நாடு இருக்கிறது, தோழர்களே. நாடு என்றதும் நமக்கு நினைவு வருகிற மலையும் ஆறும் அங்கே இல்லை. ஒன்பது தீவுகள். அத்தனையையும் அள்ளி ஒன்றாகச் சேர்த்தாலும் 26 சதுர கிலோமீட்டர்தான். மக்கள் தொகை ஏறத்தாழ 11,000. மேடு என்று சொல்லத்தக்க இடமும் கடல் மட்டத்திலிருந்து ஐந்து மீட்டரைத் தாண்டாது. தலைநகர் பூனாபுத்தியில் நிலம் மிகவும் ஒடுங்கிய இடத்தில் நின்றால் ஒரு பக்கம் பெருங்கடல் சீறும். மறுபக்கம் காயல் கிடக்கும். நடுவே ஒரு சாலை.

அந்தக் கடல்தான் இப்போது மேலே ஏறி வருகிறது. கிழங்கு பயிரிடும் குழிகளில் உப்பு நீர் ஊறுகிறது. 'புலாக்கா' என்பது அந்தக் கிழங்கின் பெயர். நம் சேம்பு இனத்தைச் சேர்ந்தது. நிலத்தடி நன்னீரை எட்டும்வரை பவளப்பாறையைத் தோண்டி, தழை உரமிட்டு, தலைமுறை தலைமுறையாகக் காத்த குழிகள் அவை. உப்பு ஏறினால் கிழங்கு அழுகும். அழுகியதைக் கண்டு அழுதால் யாருக்குக் கேட்கும்? 2021 நவம்பரில் அந்நாட்டின் அப்போதைய வெளியுறவு அமைச்சர் சைமன் கோபே, முழங்கால் அளவு கடல் நீரில் மேசை போட்டு நின்று, கிளாஸ்கோ மாநாட்டுக்குப் பேசினார். உலகமே படம் பார்த்தது. பாராட்டியது. பிறகு அடுத்த படம் பார்க்கப் போயிற்று!

புகையைக் கக்கியவர்கள் யார்? ஆலைகளை அடுக்கி, நிலக்கரியை எரித்து, நூறு ஆண்டுக்கு மேலாகச் செல்வம் குவித்த நாடுகள். மூழ்குகிறவர்கள் யார்? அந்தப் புகையில் தூசளவும் பங்கில்லாதவர்கள். இந்த அநீதியை அந்தச் செல்வச் சீமான்களாலும் மறுக்க முடியவில்லை. அதனால்தான் 2009-ல் கோபன்ஹேகனில் கூடி, 2020-க்குள் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் திரட்டித் தருவோம் என்றார்கள். எட்டியதோ 2022-ல். அதுவும் அவர்களே போட்ட கணக்கின்படி, அதுவும் பெரும்பகுதி கடனாக! வீட்டுக்குத் தீ வைத்தவன், தண்ணீர் வாங்க வட்டிக்குப் பணம் தருகிற கதை இது.

2010-ல் பசுமைக் காலநிலை நிதியம் என்று ஒன்றையும் அமைத்தார்கள். அதன் தலைமையகம் தென் கொரியாவின் சோங்டோ நகரில். பணம் இருக்கிறது, கதவு இருக்கிறது, கதவில் பூட்டும் இருக்கிறது. அந்தப் பூட்டுக்குச் சாவி, விண்ணப்பம்.

விண்ணப்பம் என்றால் ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டு அனுப்புவது என்று நினைத்துவிட வேண்டாம். முதலில் கருத்துரு. பிறகு சாத்தியக்கூறு ஆய்வு. சுற்றுச்சூழல் பாதுகாப்பு அறிக்கை, பெண்களுக்கு என்ன பயன் என்ற அறிக்கை, செலவு-பயன் கணக்கு, 'இது வெறும் வளர்ச்சித் திட்டம் அன்று, காலநிலை மாற்றத்தால் நேர்ந்த தேவைதான்' என்று நிறுவும் பல்லாண்டு மழைக் கணக்கு, அலைக் கணக்கு. இத்தனையும் இருந்தாலும் நிதியம் நேராகப் பணத்தைத் தந்துவிடாது. அதனிடம் தகுதிச் சான்று பெற்ற நிறுவனம் ஒன்றின் வழியாகவே கேட்க வேண்டும். அதன் வழியாகவே பெற வேண்டும். விரல் விட்டு எண்ணத்தக்க அதிகாரிகளைக் கொண்ட சின்னஞ்சிறு துறை, புயலையும் பார்க்க வேண்டும், மாநாட்டுக்கும் போக வேண்டும், இந்தக் காகித மலையையும் ஏற வேண்டும்!

நம் ஊர்த் தாலுகா அலுவலக வாசலில், வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுப்பவரை எண்ணிப் பாருங்கள். எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவைக் காட்டினால் காரியம் நடக்கும் என்பது அவருக்குத் தெரியும். எந்த நிலம், எந்த வாய்க்கால், யாருக்கும் யாருக்கும் தகராறு என்பதும் தெரியும். துவாலுவுக்கு வேண்டியவர் அப்படிப்பட்டவர்தான். நடந்தது என்ன? மனு எழுதும் பெரிய மனிதர்கள் ஆயிரக்கணக்கான மைல் தாண்டி வானூர்தியில் வந்தார்கள், சில வாரம் தங்கினார்கள், எழுதினார்கள், போனார்கள். அவர்களோடு அவர்கள் கற்றதும் போயிற்று.

வந்தவர்கள் எல்லாம் வீணர்கள் என்று நான் சொல்லமாட்டேன், அது பொய். 2016-ல் துவாலுவின் கரைக்காப்புத் திட்டத்துக்கு நிதியம் 3 கோடியே 60 லட்சம் டாலர் ஒப்புதல் அளித்தது. அதை ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டம்தான் முன்நின்று கேட்டுப் பெற்றது. அந்தத் திட்டத்தால் பூனாபுத்தியின் காயல் ஓரத்தில் 780 மீட்டர் நீளம், 100 மீட்டர் அகலத்துக்குப் புது நிலம் எழுந்தது. 2023 இறுதியில் வேலை முடிந்தது. கடலிலிருந்து மீட்ட மண்! மகிழாமல் இருக்க முடியுமா?

ஆனால் அதே பூனாபுத்தி மண்ணில் இன்னொரு கதையும் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படை அங்கே விமான ஓடுதளம் அமைத்தது. அதற்கு வேண்டிய பவள மண்ணைத் தீவிலேயே தோண்டி எடுத்தது. போர் முடிந்தது, படை போயிற்று, பள்ளங்கள் மட்டும் நின்றன. உப்பு நீரும் குப்பையும் தேங்கிய அந்தப் பள்ளங்களின் ஓரத்தில் ஏழைகள் குடிசை போட்டு வாழ்ந்தார்கள். 2015 வாக்கில்தான் நியூசிலாந்தின் உதவியோடு அவை நிரப்பப்பட்டன. ஏறத்தாழ எழுபது ஆண்டு! வந்துபோகிற நிபுணரின் கோப்பில் இது ஒரு வரி. அந்தப் பள்ளத்தோரம் பிறந்தவனுக்கு அதுவே பிள்ளைப் பருவம். எந்த இடத்தில் மண் எடுக்கலாம், எடுத்தால் எந்த ஊர் முதியவர்கள் எதிர்ப்பார்கள், எந்தக் குடும்பத்தின் கிழங்குக் குழி முதலில் கெடும் என்பதை யாரைக் கேட்டு எழுதினால் மனுவில் உயிர் இருக்கும்?

எனவே உள்ளூரில் ஓர் ஆலோசகரை அமர்த்துக என்கிறோம். இது நடக்காத கனவும் அல்ல. இப்படி ஆயத்தப் பணி செய்யவும் ஆள் அமர்த்தவும் அந்த நிதியமே தனியாக உதவித் தொகை தருகிறது. காமன்வெல்த் அமைப்பு 2015-ல் மால்டாவில் முடிவெடுத்து, மொரீசியசில் ஒரு நிதி அணுகல் மையத்தை நிறுவியது. அது அனுப்பும் ஆலோசகர் விடுதியில் தங்கி அறிக்கை எழுதுகிறவர் அல்லர். அமைச்சகத்துக்குள்ளேயே நாற்காலி போட்டு அமர்ந்து, பக்கத்து நாற்காலிக்காரருக்கும் கற்றுக்கொடுக்க வேண்டியவர். குக் தீவுகளைப் பாருங்கள்: அதன் மக்கள் தொகையும் ஆயிரங்களில்தான். அதன் நிதி அமைச்சகமே 2018-ல் நிதியத்தின் தகுதிச் சான்றைப் பெற்றது. இனி அந்நாடு இடைத்தரகர் இல்லாமலே கதவைத் தட்டலாம். மைக்ரோனேசியாவின் பாதுகாப்பு அறக்கட்டளையும் 2017-ல் சான்று பெற்றது. அதன் முதல் திட்டத்துக்கு ஒப்புதல் 2021-ல்! சான்று பெற்ற பிறகும் நான்கு ஆண்டு. பொறுமைக்கும் ஒரு சான்று கொடுக்கலாம்.

"11,000 பேரில் ஆளை எங்கே தேடுவது? கிடைத்தாலும் அமைச்சருக்கு மைத்துனராகத்தானே இருப்பார்?" என்று கேலி பேசுவோர் உண்டு. கேலியில் கொஞ்சம் உண்மையும் உண்டு. அத்தனை சிறிய ஊரில் உறவில்லாதவர் யார்? அதற்காக வெளிப்படையாக விளம்பரம் செய்து, தேர்வுக் குழுவில் வெளியார் ஒருவரை உட்கார வைத்தால் போகிறது. தென் பசிபிக் பல்கலைக்கழகத்துக்குப் பூனாபுத்தியிலேயே ஒரு கிளை இருக்கிறது. இளைஞர் இல்லாமல் இல்லை.

என் அச்சம் வேறு. துவாலு ஆஸ்திரேலியாவோடு செய்துகொண்ட பலேபிலி ஒப்பந்தம் 2024 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. ஆண்டுக்கு 280 பேர் வரை அங்கே குடியேறலாம். 2025-ல் முதல் குலுக்கல் நடந்தபோது மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட மக்கள் குடும்பத்தோடு பெயர் கொடுத்தார்கள். கற்றவனும் பெயர் கொடுத்திருப்பான். அவனைக் குறை சொல்ல நாம் யார்? பிள்ளைகளுக்கு உலர்ந்த நிலம் தேடுவது குற்றமா? ஆனால் இன்று பயிற்சி பெற்ற ஆலோசகர் நாளை பிரிஸ்பேனில் இருந்தால், நாட்டின் கதி?

ஓராளை ஆறு மாத ஒப்பந்தத்தில் அமர்த்துவது போதாது என்பது அதனால்தான். குறைந்தது மூன்றாண்டு வேலை; சம்பளம் வெளிநாட்டு நிபுணருக்குத் தருவதில் கால் பங்கு என்ற கேவலம் கூடாது; அவரருகே அரசு ஊழியர் இருவர் முதல் நாளிலிருந்தே கூட உட்கார்ந்து எழுத வேண்டும்.

காலமும் காத்திருக்கவில்லை. 2024-ல் பாக்கூ மாநாட்டில், 2035-க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் என்று புதுக் கணக்குச் சொன்னார்கள். மறு ஆண்டே அமெரிக்கா, பசுமை நிதியத்துக்குத் தருவதாகச் சொல்லியிருந்ததில் 400 கோடி டாலர் அளவைத் துடைத்துவிட்டது. 2025 ஜூலையில் அனைத்துலக நீதிமன்றம், காலநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை என்று கருத்துரைத்தது. நீதி மன்றத்தில் பேசுகிறது. பணமோ இன்னும் படிவத்தைக் கேட்கிறது. பானையில் சோறு குறைந்தால் பந்தியில் முந்துகிறவன் யார்? மனுவைச் சுருக்காக எழுதத் தெரிந்தவன்தானே!

இன்னொன்று. எழுதியவர் யாராயினும், அளந்த அலைக் கணக்கும் வரைபடமும் வரைவுகளும் அவருடைய மடிக்கணினியோடு போய்விடக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி வேண்டும். வையாக்குவில் இருக்கும் மூன்று மாடி அரசுக் கட்டடத்தில், கடல் நீர் எட்டாத மேல் மாடியில், ஓர் அலமாரியை அதற்கென்று ஒதுக்கட்டும்.